கிராண்ட் விட்டாரா: மைல்டு ஹைப்ரிட்டா, ஸ்ட்ராங் ஹைப்ரிட்டா?

மாருதி கிராண்ட் விட்டாராவை ஷோரூமில் பார்த்தால் ஒரே வண்டிதான். பானெட்டைத் திறந்தால்தான் இரண்டு வேறு வண்டிகள் என்று தெரியும். ஒன்றில் சுசுகியின் 1.5 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின், அதோடு ஒரு சின்ன மின்சார உதவி. இது மைல்டு ஹைப்ரிட். இன்னொன்றில் டொயோட்டாவின் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினும், காரைத் தனியாகவே இழுக்கக்கூடிய மோட்டாரும். இது ஸ்ட்ராங் ஹைப்ரிட். டொயோட்டா ஹைரைடரிலும் இதே இரண்டுதான்.

நாங்கள் எடுத்தது மைல்டு ஹைப்ரிட் மேனுவல். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். ஓட்டத்தில் பாதி ஊருக்குள், மீதி குடியாத்தம், ஆம்பூர், அவ்வப்போது சென்னை. மச்சான் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வைத்திருக்கிறார். அதையும் ஓட்டியிருக்கிறேன், ஆனால் வைத்துப் பராமரித்ததில்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசங்களை முதலில் முடித்துவிடலாம். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் டிக்கியில் பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் கிளட்ச் கிடையாது. நிறுவனம் சொல்லும் மைலேஜ் ஸ்ட்ராங்கில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், மைல்டு மேனுவலில் 21.11, மைல்டு ஆட்டோமேட்டிக்கில் 20.58. ஊருக்குள் ஸ்ட்ராங் ஹைப்ரிட் சத்தமே இல்லாமல் நகர்வது உண்மையிலேயே சுகம்.

இனி மைல்டு ஹைப்ரிட் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். "பெயருக்குத்தான் ஹைப்ரிட்" என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சாதாரண காரில் ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் இதில் ஐஎஸ்ஜி இருக்கிறது, அதாவது ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் சேர்ந்த ஒரே கருவி. இன்ஜினின் கிராங்க் புல்லியோடு ஒரு பெல்ட் இதை இணைக்கிறது. ஆல்டர்னேட்டருக்கு ஒரே வேலைதான், இன்ஜின் சுற்றினால் மின்சாரம் தரும். ஐஎஸ்ஜி தேவைப்பட்டால் மோட்டாராக மாறி, அதே பெல்ட் வழியாக இன்ஜினைச் சுற்றவும் செய்யும். இதற்கு மூன்று ஃபேஸ் ஏசி மின்சாரம் வேண்டும், பேட்டரியில் இருப்பதோ டிசி. நடுவில் ஒரு இன்வெர்ட்டர் டிசியை ஏசியாக்கி ஊட்டுகிறது, சார்ஜ் ஏறும்போது ஏசியை டிசியாகத் திருப்புகிறது. கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் செய்கிற வேலையும், கரண்ட் வந்ததும் அது செய்கிற வேலையும்தான், இங்கே நொடிக்கு நொடி மாறி மாறி நடக்கிறது.

ஓட்டும்போது இது நன்றாகத் தெரியும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டார்தான், அதே 'கிர்ர்' சத்தம். கிரீன் சர்க்கிள் சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டால் இன்ஜின் அணையும். கிளட்சை மிதித்ததும் பெல்ட் வழியாக ஐஎஸ்ஜி எழுப்பும், இந்தமுறை 'கிர்ர்' இல்லை. பல்சக்கரம் பல்லோடு மோதாததால் ஒரு சின்ன அதிர்வோடு முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் மூன்றாவது, நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மீட்டர் திரையில் பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு அம்புக்குறி ஓடும். பள்ளிகொண்டா டோல்கேட் தூரத்தில் தெரியும்போது காலை எடுத்தால் அம்புக்குறி திரும்பிவிடும். பிரேக்கில் சூடாகி வீணாகப் போயிருக்கும் சக்தியில் கொஞ்சம் பேட்டரிக்கு வருகிறது.

பேட்டரி இரண்டு. பானெட்டுக்குள் வழக்கமான லெட்-ஆசிட் பேட்டரி, முன் சீட்டுக்கு அடியில் சின்ன லித்தியம்-அயன் பேட்டரி. லெட்-ஆசிட் மெதுவாகத்தான் சார்ஜ் வாங்கும். காலை எடுத்த சில நொடிகளில் வரும் மின்சாரத்தை அப்படியே வாங்கிக்கொள்ள லித்தியம் வேண்டும். சுசுகி இரண்டையும் 12 வோல்ட்டிலேயே வைத்திருக்கிறது. மெர்சிடிஸ், ஆடி போன்ற வண்டிகளின் மைல்டு ஹைப்ரிட்டில் 48 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கும், விளக்கு, ஹார்னுக்கு அதை 12-ஆக இறக்க ஒரு டிசி-டிசி கன்வர்ட்டரும் உண்டு. வோல்ட் நான்கு மடங்கானால் அதே பவருக்கு ஆம்பியர் கால்வாசி போதும், ஒயரும் மெலிதாகலாம், உதவியும் பலமாக இருக்கும். 12 வோல்ட்டில் நிற்பதால்தான் நம்முடைய மைல்டு ஹைப்ரிட்டின் உதவி சிறியது. மின்சாரத்தில் மட்டும் கார் ஒரு அடிகூட நகராது.

சிறியது என்பதால் பயனில்லை என்று ஆகிவிடாது. 2023-ல் பிரெஸ்ஸா மேனுவலிலிருந்து மாருதி இந்த அமைப்பை எடுத்தபோது, நிறுவனம் சொல்லும் மைலேஜ் 20.15-லிருந்து 17.38-க்கு இறங்கியது. அதே கார், அதே இன்ஜின்.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் பேட்டரி 177.6 வோல்ட், கொள்ளளவு 0.76 கிலோவாட்-அவர், நம் மின்கட்டணப் பேச்சில் முக்கால் யூனிட். மோட்டார் 80 குதிரைத்திறன். இன்ஜின், மோட்டார், ஜெனரேட்டர் மூன்றையும் ஒரு கிரக கியர் தொகுதி இணைக்கிறது. தனி ஸ்டார்ட்டரும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை, கிளட்சும் இல்லை. தேய்கிற சாமான் குறைவு என்பதை மறுக்கவே முடியாது.

இன்னொரு இடத்தில் அது தெளிவாக ஜெயிக்கிறது, நம் ஊர் வெயிலில். மைல்டு ஹைப்ரிட்டில் ஏசி கம்ப்ரெஸரை இன்ஜின்தான் ஓட்ட வேண்டும். சிக்னலில் இன்ஜின் அணைந்தால் வெறும் காற்றுதான் வரும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் மத்தியானத்தில் உள்ளே சூடு ஏறுவதைக் கண்டதும் கார் தானே இன்ஜினை எழுப்பிவிடும், பல நேரம் அணைக்கவே அணைக்காது. ஆக ஏப்ரல், மே மாதங்களில் அணைத்து எழுப்பும் வசதியை மறந்துவிடலாம். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் கம்ப்ரெஸர் மின்சாரத்தில் ஓடுவது. காட்பாடி மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது இன்ஜின் அணைந்தே இருக்க, உள்ளே ஜில்லென்று இருக்கும். மச்சானின் வண்டியில் நான் பொறாமைப்பட்டது இதற்காகத்தான்.

மலையில் இரண்டுமே ஓரளவுக்குத்தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும்போது மைல்டு ஹைப்ரிட்டின் சின்ன பேட்டரி மேலே சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும். ஆட்களோடு ஒன்றரை டன் வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி கணக்குப்படி 2 யூனிட். முக்கால் யூனிட் பேட்டரியும் அதையெல்லாம் வாங்கிக்கொள்ள முடியாது. எந்த வண்டியானாலும் கியரைக் குறைத்து, இன்ஜின் பிடிப்பில் இறங்குவதுதான் சரி. ஸ்ட்ராங்கில் அதற்குத்தான் கியர் லீவரில் 'B' என்ற நிலை இருக்கிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வாங்கும் நாளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வண்டியைப் பத்து வருஷம் வைத்திருப்பவன் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

மைல்டு ஹைப்ரிட் என்பது ஒரு சாதாரண பெட்ரோல் கார், அதன்மேல் ஏற்றப்பட்ட ஒரு உதவி. லித்தியம் பேட்டரி சோர்ந்துபோனால் உதவியும் அணைத்து எழுப்பும் வசதியும் நின்றுபோகும், சாவி போட்டால் வழக்கமான ஸ்டார்ட்டரில் வண்டி கிளம்பும். ஐஎஸ்ஜி அல்லது அதன் பெல்ட் பழுதானால்தான் சிக்கல். சார்ஜ் ஏறுவது நின்றுவிடும், பேட்டரி விளக்கு எரிந்ததும் ஓரம் கட்ட வேண்டும். அதனால் இந்த வண்டியில் நான் கண் வைக்கும் சாமான் அந்தப் பெல்ட்தான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஜெனரேட்டராக ஓடும்போது கிராங்க் புல்லி ஐஎஸ்ஜியை இழுக்கிறது, பெல்ட்டின் ஒரு பக்கம் விறைத்து மறுபக்கம் தளர்கிறது. மோட்டாராக மாறிய நொடியில் இழுப்பது ஐஎஸ்ஜி, விறைப்பும் தளர்வும் இடம் மாறிவிடும். ஊருக்குள் ஓட்டினால் ஒரு நாளில் இது எத்தனையோ முறை நடக்கும். சாதாரண கார் பெல்ட்டுக்கு இந்தப் பாடு கிடையாது. இரண்டு பக்க இழுப்பையும் தாங்கும்படி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தனி வகை. எனவே பெல்ட்டின் உள்பக்க வரிகளில் குறுக்கே வெடிப்பு இருக்கிறதா, ஆயில் சொட்டியிருக்கிறதா, காலையில் கிளப்பும்போது கீச்சென்று கத்துகிறதா, டென்ஷனர் அதிகம் ஆடுகிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்கிறேன். மாற்றும்போது கம்பெனி பெல்ட்தான். அதே நீளத்தில் கிடைக்கிற இன்னொன்றைப் போட்டு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

அடுத்தது பேட்டரி. பானெட்டுக்குள் இருப்பது ஸ்டார்ட்-ஸ்டாப்புக்கென்று செய்த வகை. மாற்றும்போது அதே வகையைத்தான் போட வேண்டும், சாதாரண பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். நெகட்டிவ் முனையில் கரண்ட் அளக்கும் சென்சார் உண்டு. கூடுதல் ஹார்ன், ஆம்ப்ளிஃபையர் போட்டால் அதன் எர்த்தை பேட்டரி முனையில் கட்டாமல் பாடியில் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தக் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது, அணைத்து எழுப்பும் வசதி குழம்பும். எங்கள் தெரு மெக்கானிக்கிடம், "அண்ணா, இதுல நீங்க கை வைப்பீங்களா?" என்று கேட்டேன். "பிரேக்கு, சஸ்பென்ஷன், ஆயிலு எல்லாம் பண்ணித் தரேன் சார். கரண்ட்டு பக்கம் போறதுன்னா ரெண்டு பேட்டரியையும் கழட்டிட்டுத்தான்" என்றார். அந்த பதில் எனக்குத் தெம்பாக இருந்தது. வண்டியின் பெரும்பகுதி அவருக்குப் பழகியதுதான். மீதியும் 12 வோல்ட் அமைப்புதான் என்பதால் உயிர் பயம் இல்லை.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் ஆரஞ்சு நிற கேபிளைப் பார்த்ததும் அவர் கையை எடுத்துவிட வேண்டும். 60 வோல்ட் டிசிக்கு மேல் போனாலே தொடுவது ஆபத்து என்பதுதான் பொது வரம்பு, இங்கே 177.6. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்து, இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க பத்து நிமிஷம் காத்திருந்து, இன்சுலேட்டட் கையுறையோடு பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது, டொயோட்டாவின் ஹைப்ரிட் பேட்டரிகள் உழைப்புக்குப் பெயர் போனவை. அதைக் கண்டு நான் பயப்படவில்லை. வாரண்டி முடிந்தபிறகு சின்ன எச்சரிக்கை விளக்குக்கும் கம்பெனி சர்வீஸைத் தவிர வேறு வாசல் இருக்காதே என்பதுதான் என் கவலை. சென்னைக்காரருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. பேர்ணாம்பட்டிலோ ஒடுகத்தூரிலோ இருப்பவருக்கு அப்படி இல்லை. ஸ்ட்ராங் வாங்குபவர் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் பின் சீட்டுப் பக்கம் இருக்கிறது, போர்வை, பை வைத்து அதை மூடாதீர்கள், ஃபில்டரைத் தூசி தட்டிக்கொண்டே இருங்கள்.

பணக் கணக்கு சுருக்கமாக. 2022-ல் அறிமுகமானபோது ஒத்த ஆட்டோமேட்டிக் மாடல்களுக்குள் விலை வித்தியாசம் இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். நிறுவனம் சொல்லும் மைலேஜை வைத்தால் 100 கிலோமீட்டருக்கு மிச்சம் 1.3 லிட்டருக்கும் குறைவு. பெட்ரோல் 100 ரூபாய் என்றால் போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓடுபவருக்கு இந்தக் கணக்கு மாறும். மச்சானின் டேங்க் கணக்கையும் எங்களுடையதையும் வைத்துப் பார்த்தால் டவுனில் வித்தியாசம் 100 கிலோமீட்டருக்கு மூன்று லிட்டரைத் தொடுகிறது, அப்போது 90,000 கிலோமீட்டருக்குள் பணம் திரும்பிவிடும். தினமும் பாகாயத்திலிருந்து காட்பாடிக்குப் போய் வருகிறவர், வருஷம் இருபதாயிரம் ஓட்டுபவர், கம்பெனி சர்வீஸ் பக்கத்திலேயே இருப்பவர் ஸ்ட்ராங் எடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

விற்கும் விலை பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்குபவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டித்தான் வாங்குகிறார்கள். அவர் தயங்காத வண்டி சீக்கிரம் போகும் என்பது என் எண்ணம்.

இரண்டில் எதை எடுத்தாலும் டெஸ்ட் டிரைவை காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சுற்று, அப்புறம் ஹைவேயில் ஒரு சுற்று ஓட்டுங்கள். உங்கள் ஓட்டம் இந்த இரண்டில் எதன் பக்கம் அதிகம் என்று பார்த்து முடிவெடுங்கள்.