பலகையா, டப்பாவா: குட்டி கம்ப்யூட்டர் வாங்கும் கணக்கு

குட்டி கம்ப்யூட்டர் எது கண்ணில் பட்டாலும் தேதி போட்டு விலையை எழுதிவைக்க என்னிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. முதலில் விலைக்கு ஒரே கட்டம்தான் போட்டிருந்தேன். இப்போது பலகை விலை தனி, ஓடுகிற நிலையில் விலை தனி, பக்கத்தில் எத்தனை வாட் கரண்ட் இழுக்கும் என்பது.

இந்த மாற்றத்துக்குக் காரணம் ராஸ்பெர்ரி பை 5, ஒரே சின்னப் பலகையில் முழுக் கம்ப்யூட்டர். பலகையை மட்டும் பார்த்தால் மலிவுதான். ஆனால் அது கேட்பது 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். வீட்டில் கிடக்கிற 3 ஆம்பியரைச் செருகினாலும் ஓடும், ஆனால் யூஎஸ்பி போர்ட் நான்குக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியர்தான் விடும், ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் கிர்ர் என்று முனகிவிட்டுப் படுத்துவிடும். அப்புறம் ஃபேன், மேலுறை, எஸ்டி கார்டு, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள். சென்னை ரிச்சி தெருவில் நான் வெறும் பலகையோடு கிளம்பியபோதே கடைப் பையன் கேட்டான்: “இன்னாண்ணா, பலகை மட்டும் வாங்கினு போறீங்க, அடாப்டர் வேணாவா?” வேண்டாம் என்று கெத்தாகச் சொல்லிவிட்டு, மறுநாளே தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அதே கடைக்குப் போனேன்.

இதையெல்லாம் கூட்டினால், ஆபீஸில் ஓடிக் கழிந்த, சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள குட்டி கம்ப்யூட்டர் டப்பாக்கள் அதே விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி, இந்த ரகம். ஐ5-8500டி மாதிரி எட்டாம் தலைமுறை இன்டெல் புராசசர் கிடைத்தால் எடுத்துவிடலாம், ஆறு கோர், விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஆறாம் தலைமுறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, லினக்ஸ் போடுகிறவர்களுக்கு அது ஒரு பிரச்சினையும் இல்லை. எஸ்எஸ்டி உள்ளேயே உட்காரும், ராமை மாற்றலாம்.

வாங்கும்போது கடையிலேயே ஆன் பண்ணி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் செட்டிங்ஸுக்குள், போய்ப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது, பழைய ஆபீஸ்காரர் போட்டது, கடைக்காரருக்கும் தெரியாது. கூடவே தந்த அடாப்டரும் வேறு கம்பெனியுடையது. சில டப்பாக்கள் தன் அடாப்டரை அடையாளம் கண்டால்தான் முழு வேகம் எடுக்கும், இல்லையென்றால் புராசசர் நொண்டிக்கொண்டே இருக்கும். ராம்தான் போச்சு என்று ரெண்டு நாள் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் இன்டெல் என்100 பெட்டிகள். 2023இல் வந்த சிப், நாலு கோர், 6 வாட் ரகம், ஏவி1 என்கிற புது ரக வீடியோவைக்கூடச் சத்தமில்லாமல் ஓட்டும். டிவிக்குப் பின்னால் ஒட்டிவைக்க இதுதான் சரி. ராஸ்பெர்ரி பை மாதிரியே இன்னொரு பலகையான ஆரஞ்சு பை 5 காகிதத்தில் எட்டு கோர், நிஜத்தில் பாதி நேரம் அதற்குச் சரியான கெர்னலை, அதாவது லினக்ஸின் அடிப்படை மென்பொருளை, தேடுவதிலேயே போகும். 2012இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையில்கூட அவர்களுடைய இன்றைய 32 பிட் சிஸ்டம் ஓடுகிறது. அந்த விஷயத்தில் ராஸ்பெர்ரி பையை அடிக்க ஆளில்லை.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடலாம். சும்மா இருக்கும்போது பலகை சுமார் 3 வாட், ஆபீஸ் டப்பா சுமார் 10 வாட் என்று வைத்தால், இரண்டு மாத பில்லில் 4 யூனிட்டுக்கும் 14 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஏசி போட்டு ஏற்கெனவே 500 யூனிட் விளிம்பில் நிற்கிற வீடாக இருந்தால் தவிர இதற்காகப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது எஸ்டி கார்டுக்குத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் பை 4இன் கார்டு செத்தது, உள்ளே இருந்த போட்டோக்களும் போயின. அன்றோடு வீட்டு ஃபைல், போட்டோ, கேமரா ரெக்கார்டிங் எல்லாம் ஆபீஸ் டப்பாவுக்கு மாறிவிட்டன.

பை 4 இப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்க்கிறது. அந்த வேலைக்குச் சென்சார் வயரைச் செருகப் பலகையில் இருக்கும் 40 பின் வேண்டும், ஆபீஸ் டப்பாக்களில் அது கிடையாது. சென்சார் திருப்பி அனுப்புவது 5 வோல்ட், பை தாங்குவது 3.3, அதனால் நடுவில் இரண்டு ரெசிஸ்டர். மூன்றாவது மாதமே சென்சார் கால்களில் பச்சை பூத்துவிட்டது, காசிமேட்டுக் காற்றின் உப்பு. சுத்தம் செய்து நெயில் பாலிஷ் பூசியிருக்கிறேன்.