மீன் வண்டியா, உப்பு லாரியா: ராமநாதபுரம் கடலோரத்தில் யாருக்கு எந்தப் படிவம்

புதிதாக வண்டி எடுப்பவரிடம் ஏஜென்ட் ஒரு பட்டியலை நீட்டுவார்: நேஷனல் பர்மிட், ஜி.எஸ்.டி., உதயம் என்ற சிறுதொழில் பதிவு, உணவுப் பதிவு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. அதில் பாதி பலருக்கும் தேவைப்படாது. கட்டாயம் வேண்டிய ஒன்றிரண்டு அந்தப் பட்டியலிலேயே இருக்காது. எத்தனை வண்டி என்பதை வைத்துப் படிவத்தைத் தேடினால் இந்தக் குழப்பம்தான் மிஞ்சும். வண்டியின் மொத்த எடை என்ன, சரக்கு எந்த மாநிலத்தில் இறங்குகிறது, சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு எழுதித் தரும் ரசீதான ஜி.சி.யை யார் போடுகிறார் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் முக்கால்வாசி முடிவு தானே வந்துவிடும்.

பர்மிட் இல்லாமல், தமிழ்நாடு பர்மிட், நேஷனல் பர்மிட்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டிலிருந்து விலக்கு தருகிறது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் ஐஸ் பெட்டி ஏற்றி ஓடும் குட்டியானைக்கு இது போதும். இங்கே எடை என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. ஷோரூமில் "ஒன்றரை டன் வண்டி" என்று சொல்வது லோடு கணக்கு. அதை நம்பி முடிவு செய்யக்கூடாது. ஒரே கம்பெனி பிக்கப்பில் ஒரு மாடல் 3,000-க்குக் கீழும் அடுத்த மாடல் மேலும் இருக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன் மொத்த எடை எத்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலக்கு பர்மிட்டுக்கு மட்டும்தான். எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், சாலை வரி, புகைச் சான்று எல்லாம் வழக்கம்போல வேண்டும்.

3,000-க்கு மேல் போனால் தமிழ்நாடு சரக்கு பர்மிட். ராமநாதபுரம் ஆர்.டி.ஓ.வான டி.என். 65 அலுவலகத்தில் விண்ணப்பம், ஐந்து ஆண்டு செல்லுபடி. முடிவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னதாகவே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். வாலிநோக்கம் உப்பையோ கருவேலங்கரியையோ ஏற்றி மதுரையிலும் தூத்துக்குடியிலும் இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரிக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று நேஷனல் பர்மிட்டும் போடுகிறவர்கள் ஆண்டுதோறும் வீண் பணம் கட்டுகிறார்கள்.

மீன் கேரளாவுக்குப் போகிறது என்றால் கணக்கு மாறும். எப்போதோ ஒரு நடை என்றால் 87-ஆம் பிரிவின்படி தற்காலிக பர்மிட் போதும். அதிகபட்சம் நான்கு மாதம். பக்கத்து மாநிலம் ஒன்றே ஒன்று, அதுவும் நிரந்தரமாக என்றால் உங்கள் பர்மிட்டிலேயே அந்த மாநில அதிகாரியின் எதிர்க் கையொப்பம் பெறும் வழியும் உண்டு. இந்த இரண்டிலும் அந்த மாநில வரி தனி. நேஷனல் பர்மிட்டில் எல்லா மாநிலத்துக்குமான கூட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 16,500 ரூபாய், அங்கீகாரக் கட்டணம் 1,000 ரூபாய், ஆக 17,500. மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதத்தைக் கழித்துப் பத்து மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1,750 ரூபாய். மாதத்துக்கு இரண்டு நடையாவது எல்லை தாண்டுகிறவர் யோசிக்காமல் நேஷனல் பர்மிட் எடுக்கலாம் என்பது எங்கள் கணிப்பு.

எடுக்கிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. நேஷனல் பர்மிட் என்பது இரண்டு காகிதம். படிவம் 48-இல் கேட்டு வாங்குவது பர்மிட்; அது ஐந்து ஆண்டு. படிவம் 46-இல் கேட்டு, படிவம் 47-ஆகக் கைக்கு வருவது அங்கீகாரம். அது ஓர் ஆண்டுதான். "பர்மிட் 2029 வரைக்கும் இருக்கே" என்று டிரைவர் கேரள எல்லையான புளியரைச் சோதனைச் சாவடியில் நின்று வாதாடுவதெல்லாம் இந்த இரண்டாவது காகிதம் காலாவதியானதால் வருகிற வினை. பரிவாகன் தளத்தில் பணம் கட்டியதோடு விடாமல், புதிய படிவம் 47-ஐ அச்செடுத்து வண்டியில் வைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு கட்டுப்பாடு. நேஷனல் பர்மிட் வண்டி வெளிமாநிலத்துக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கக்கூடாது. கொச்சியில் மீனை இறக்கிவிட்டு மதுரைக்கு ரிட்டன் லோடு ஏற்றலாம். கொச்சியிலிருந்து கோழிக்கோட்டுக்கு ஏற்றினால் தப்பு. அடுத்தது வயது: சாதாரண லாரிக்கு 12 ஆண்டு, மல்டி ஆக்சிலுக்கு 15 ஆண்டு. விலை மலிவு என்று பதினோரு வருஷ லாரியைப் பழையதில் வாங்கிக் கேரளா ஓட்டத் திட்டமிடுகிறவர் இதைக் கவனிப்பதே இல்லை.

பாடி: ஆர்.சி.யில் திறந்தது, ரோட்டில் மூடியது

புது வண்டிப் பதிவுக்குப் படிவம் 20, அதோடு டீலர் தரும் விற்பனைச் சான்று படிவம் 21, தயாரிப்பாளரின் தகுதிச் சான்று படிவம் 22. சேசிஸ் மட்டும் வாங்கி வெளியே பாடி கட்டினால் 22-க்குப் பதில் 22-ஏ. அதில் பாடி கட்டியவரும் கையெழுத்திட வேண்டும். கடன் இருந்தால் படிவம் 34.

மீன் வண்டிக்காரர்கள் பலர் பணம் மிச்சம் பிடிக்கத் திறந்த பாடியில் பதிந்துவிட்டு, பிறகு பட்டறையில் தெர்மோகோல் அடைத்த இன்சுலேட்டட் பெட்டியைப் பொருத்திக்கொள்கிறார்கள். 52-ஆம் பிரிவின்படி இது வண்டியின் அமைப்பை மாற்றுவது. முன் அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். பெட்டியால் வண்டியின் வெற்று எடை ஏறும், அந்த அளவுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு குறையும். பதியாமல் ஓட்டினால் எஃப்.சி.யில் நிறுத்துவார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். புது வண்டிக்கு முதல் எஃப்.சி. இரண்டு ஆண்டு, எட்டு ஆண்டு வரை இரண்டிரண்டு ஆண்டு, அதன்பின் ஆண்டுதோறும்.

லாரி ஓனரா, டிரான்ஸ்போர்ட்டா

ஜி.எஸ்.டி. பற்றிய குழப்பமெல்லாம் இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும். சரக்கை ஏற்றிக்கொண்டு ஜி.சி. எழுதிக் கொடுக்கிறவர்தான் ஜி.எஸ்.டி. கண்ணில் சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி. ஜி.சி. போடாமல் சரக்கை ஏற்றி இறக்குகிறவருக்கும், தன் லாரியை ஒரு புக்கிங் ஆபீசுக்கு வாடகைக்கு விடுகிறவருக்கும் அந்த வருமானத்தில் வரியே இல்லை. நான்கு லாரி வைத்திருந்தாலும் இதுதான் நிலை. ஒற்றை வண்டிக்காரர் தன் பெயரில் ஜி.சி. புத்தகம் அடித்துவிட்டால் அந்த நிமிடமே வேறு ஆளாகிவிடுகிறார். லெட்டர்பேடு, ஜி.சி. புத்தகம், விசிட்டிங் கார்டு என்று அச்சகத்தில் மொத்தமாக ஆர்டர் கொடுப்பதற்கு முன் இதை யோசிப்பது நல்லது.

ஜி.சி. போடுகிறவருக்கு மூன்று வழி.

முதலாவது, ரிவர்ஸ் சார்ஜ். 5 சதவீத வரியைச் சரக்குக்காரர் கட்டுவார், ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர், கம்பெனி, கூட்டாண்மை நிறுவனம், சொசைட்டி, தொழிற்சாலை போன்றோர் இதில் வருவர். உங்கள் வருமானம் முழுக்க இந்த வகையானால், 20 லட்சத்தைத் தாண்டினாலும் நீங்கள் பதிவு எடுக்க வேண்டியதில்லை. பதிவில்லாத தனிநபர் வியாபாரிக்கு ஏற்றினால் அது விலக்கு.

இரண்டாவது, நீங்களே 5 சதவீதம் வாங்கிக் கட்டுவது. உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது தொழில் செலவில் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. ரிட்டர்ன் வேலை உங்கள் தலையில், லாபம் ஒன்றுமில்லை. பெரிய கம்பெனி ஏதாவது வற்புறுத்தினாலொழிய இந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூன்றாவது, 18 சதவீதம் வாங்கிக் கழிவும் எடுப்பது. 2025 செப்டம்பர் 21 வரை இது 12 சதவீதமாக இருந்தது. டீசல் ஜி.எஸ்.டி.க்குள்ளேயே இல்லை என்பதால் மிகப் பெரிய செலவுக்குக் கழிவு கிடைக்காது. வண்டி, டயர், ரிப்பேர் ஆகியவற்றில்தான் கிடைக்கும். வரிக்கு முன் 30 லட்ச ரூபாய் லாரி என்றால் 18 சதவீதம் 5,40,000 ரூபாய். ஆண்டு வாடகை 25 லட்சம் என்றால் வாங்கிக் கட்ட வேண்டியது 4,50,000. முதல் ஆண்டில் கையிலிருந்து ஒன்றும் போகாது, அடுத்த ஆண்டும் கொஞ்சம் தாங்கும். புது லாரி வாங்குவதை நிறுத்தியதும் கழிவு வற்றிவிடும்.

ஆனால் இந்தக் கடலோரத்தில் முடிவு சொல்வது சரக்குதான். ஐஸில் வைத்த பச்சை மீனுக்கு வரி இல்லை. அதை விற்கும் வியாபாரியால் நீங்கள் போட்ட 18 சதவீதத்தைக் கழிக்க முடியாது. அது அவர் செலவு. அடுத்த நடைக்கு வேறு வண்டியைக் கூப்பிடுவார். பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கு அந்தச் சிக்கல் இல்லை, வரியைத் திரும்பப் பெற வழியிருக்கிறது. ஆகவே உள்நாட்டு மீன் ஓட்டுகிறவர் முதல் வழியில் நிற்பது நல்லது. ஏற்றுமதிக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு, வரிசையாகப் புது லாரி எடுக்கிறவர் மட்டும் மூன்றாவதைப் பார்க்கலாம்.

உப்புக்கு இந்த அலசலே வேண்டாம். உப்பு ஏற்றும் வாடகைக்கு விலக்கு உண்டு. விவசாயி காயவைத்த முண்டு மிளகாய் போன்ற விளைபொருளுக்கும் உண்டு. கடல் மீனையும் விளைபொருள் கணக்கில் எழுதும் பழக்கம் இங்கே இருக்கிறது. சட்டத்தின் வரையறை சாகுபடி, வளர்ப்பு என்றுதான் பேசுகிறது. பண்ணை இறாலுக்கு அது பொருந்தும், வலையில் பிடித்த மீனுக்கு அதை நீட்டினால் நோட்டீஸ் வரும்போது பதில் சொல்வது கடினம்.

ஜி.சி. போட்டால் சேர்ந்து வருபவை

எல்லோருடைய சரக்கையும் ஏற்றும் டிரான்ஸ்போர்ட், 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்படி பொதுச் சரக்கேற்றுநராகப் பதிய வேண்டும். புரோக்கர், புக்கிங் ஏஜென்டுக்கும் இது பொருந்தும். 2011 விதிகளின் படிவம் 1-இல் விண்ணப்பம், பத்து ஆண்டு செல்லுபடி. ஏஜென்ட் பட்டியலில் இல்லாமல் போவது பெரும்பாலும் இதுதான். பதிந்தவருக்கு ஒரு பாதுகாப்பும் கிடைக்கிறது: சரக்குக்காரர் கூடுதல் மதிப்பை எழுதிக் கொடுக்காதவரை, இழப்புக்கான பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நிற்கும். 8,000 ரூபாய் வாடகைக்கு 80,000. ஐஸ் கரைந்து நான்கு லட்ச ரூபாய் நண்டு போய்விட்டது என்று சண்டை வரும்போது இந்த எண்ணின் அருமை தெரியும். வழக்குப் போடுவதற்கு முன் சரக்குக்காரர் 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்.

சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லுக்கு ஜி.எஸ்.டி. எண் கட்டாயம் என்பது தவறான எண்ணம். பதிவில்லாத டிரான்ஸ்போர்ட் இஎன்ஆர்-01 படிவத்தில் சேர்ந்தால் 15 இலக்க டிரான்ஸ் ஐ.டி. கிடைக்கும். அதைக் கொண்டு வண்டி எண்ணை ஏற்றலாம், மாற்றலாம். சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேல் பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. பச்சை மீன், உப்பு இரண்டுக்கும் தேவையில்லை. உறைய வைத்துப் பேக் செய்த மீனுக்குத் தேவை.

உணவுச் சரக்கு ஏற்றுகிறவருக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு உண்டு. சிறியவருக்குப் படிவம் ஏ, பெரியவருக்குப் படிவம் பி. உதயம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆயிற்று. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

சொந்தப் பெயரா, கூட்டா

பத்து வண்டி வரை சொந்தப் பெயரே லேசு. பத்துக்கு மேல் போகாதவரை, பான் எண்ணோடு ஓர் உறுதிமொழி கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்க மாட்டார்கள். அனுமான வருமானத் திட்டமும் பத்து வண்டி வரைதான்: 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு மாதம் டன்னுக்கு 1,000 ரூபாய், மற்றவற்றுக்கு வண்டிக்கு 7,500. 16 டன் லாரி என்றால் ஆண்டு வருமானம் 1,92,000 என்று காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகம் இல்லாமல் இருக்கலாம். உண்மையில் அதைவிட அதிகம் சம்பாதித்ததாகக் கணக்குக் காட்டினால் அந்த அதிகத் தொகைதான் எடுத்துக்கொள்ளப்படும். 1961 சட்டத்தில் 194சி, 44ஏஇ என்று வழங்கிய பிரிவுகள் இவை; 2026 ஏப்ரல் முதல் புதுச் சட்டத்தில் எண் வேறு. ஒரு நெருடல் மட்டும்: கணக்கு வண்டி ஓடிய மாதத்துக்கு இல்லை, கையில் இருந்த மாதத்துக்கு. தடைக்காலத்தில் ஷெட்டில் நின்ற வண்டிக்கும் வருமானம் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

கூட்டாண்மையில் கவனிக்க வேண்டியது ஆர்.சி. பங்குதாரர் ஒருவர் பெயரில் லாரி, பில் நிறுவனத்தின் பெயரில் என்று ஓடினால் தேய்மானம், டி.டி.எஸ்., இன்சூரன்ஸ் மூன்றிலும் முட்டும். படிவம் 29, 30 போட்டு நிறுவனத்துக்கு மாற்றுங்கள். பர்மிட் அதோடு தானாக மாறாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். சொந்தப் பெயரில் வைத்திருப்பவர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் பர்மிட் மாற்றத்துக்கும் படிவம் 31-இல் ஆர்.சி. மாற்றத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

தடைக்காலத்துக்குத் தள்ளக்கூடியவை, கூடாதவை

"எல்லாம் தடைக்காலத்துல பாத்துக்கலாம் அண்ணே" என்பது இங்கே வழக்கமான பேச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வண்டிக்கும் ஓய்வு. எஃப்.சி. வேலை, பெட்டி மாற்ற அனுமதி, படிவம் 48, பொதுச் சரக்கேற்றுநர் பதிவு ஆகியவற்றை அப்போது முடிப்பது புத்திசாலித்தனம். ஜி.எஸ்.டி. வழியைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு 5 மட்டும் அதில் சேராது. அடுத்த நிதியாண்டுக்கான விருப்பத்தை ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் பதிய வேண்டும். படகு கரையேறுவதற்கு இரண்டு வாரம் முன்பே அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கும். புதிதாகப் பதிவு எடுப்பவருக்கு மட்டும், விண்ணப்பித்த நாளிலிருந்து 45 நாள் அல்லது பதிவு கிடைத்ததிலிருந்து ஒரு மாதம், இதில் எது பிந்தியதோ அதுவரை அவகாசம். ஒருமுறை தேர்ந்தெடுத்தது, இணைப்பு 6 போட்டுத் திரும்பும்வரை அடுத்தடுத்த ஆண்டும் தொடரும். அதற்கும் அதே ஜனவரி–மார்ச்தான்.