ஸ்மார்ட்கேன்: முழங்காலுக்கு மேலே ஒரு காவல்

தெருவோரம் நிற்கும் லாரிக்கு அடியில் பார்வையற்றவர் தட்டி நடக்கும் வெண்கோல் தாராளமாகப் புகுந்துவிடும். வழி இருக்கிறது என்று நம்பி அடுத்த அடி வைத்தால் லாரியின் பின்பலகை நெஞ்சில் இடிக்கும். தெருப்பக்கம் திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, மாடிப்படியின் சாய்ந்த அடிப்பக்கம், கடை வாசலில் தாழ மாட்டிய பெயர்ப்பலகை, ஏசியின் வெளிப்பெட்டி என்று எல்லாவற்றிலும் இதே ஆபத்துதான். கோல் தரையை மட்டுமே படிக்கும். முழங்காலுக்கு மேலே, தலை உயரம் வரை இருப்பதைச் சொல்வதற்காகச் செய்யப்பட்டதுதான் ஸ்மார்ட்கேன். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

டெல்லி ஐஐடியில் உருவாகி, சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பாக 2014-இல் வெளிவந்தது. மடக்குக்கோலின் மேல்முனையில் மாட்டிக் கழற்றும் கைப்பிடிதான் கருவி. அது அனுப்பும் மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. தூரம் குறையக் குறைய கையில் அதிர்வின் முறை மாறும். தடையைச் சத்தத்தில் சொல்லாமல் அதிர்வில் சொல்வது மிகச் சரியான முடிவு. பின்னால் வரும் பைக்கையும் பக்கத்தில் திரும்பும் ஆட்டோவையும் கேட்க வேண்டிய காதை இது தொந்தரவு செய்வதில்லை.

எட்டும் தூரம் இரண்டு: வெளியே 3 மீட்டர், உள்ளே 1.8 மீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவருக்கு 3 மீட்டர் என்றால் மூன்று நொடி அவகாசம், அது போதும். ஆனால் பஸ் நிலையத்திலும் சந்தையிலும் 3 மீட்டரில் வைத்தால் கை ஓயாமல் அதிரும். பத்து நிமிடத்தில் மனம் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். கூட்டம் என்றால் திறந்தவெளியாக இருந்தாலும் 1.8 மீட்டருக்கு மாற்றிவிடுங்கள். வரிசையில் நிற்கும்போதும் அதுவே நல்லது: முன்னால் நிற்பவர் நகர்ந்தது அவரைத் தொடாமலே தெரியும்.

தவறு பெரும்பாலும் பிடியில்தான். கைப்பிடி உள்ளங்கையில் சற்றே திரும்பினாலும் சென்சார் பக்கவாட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்கும். நேரே நிற்கும் கம்பம் தப்பிவிடும். விரலோ முழுக்கைச் சட்டையின் நுனியோ சென்சாரை மறைக்கக் கூடாது. சரியாகப் பிடித்தாலும் மீயொலிக்கு எல்லை உண்டு. துணி அலையை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய கயிறு போதுமான எதிரொலி தராது. சாய்வான கண்ணாடி அலையை வேறு பக்கம் திருப்பிவிடும். ஷாமியானா கட்டிய தெருவில் இது அதிரவில்லை என்பதற்காக வழி காலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. பள்ளம், திறந்த சாக்கடை, நடைபாதையின் விளிம்பு, இறங்கும் படி எதையும் இது சொல்லாது. அவை கோல்முனையின் பொறுப்பு. அதிர்வு பழகியதும் கோல் தட்டுவதைக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது பெரிய ஆபத்து. வலது கால் முன்வரும்போது முனை இடப்பக்கம், இடது கால் வரும்போது வலப்பக்கம், தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக என்ற பழைய முறை அப்படியே தொடர வேண்டும். வெண்கோலே புதிது என்றால் முதலில் சாதாரணக் கோலில் பழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

பழகச் சுவர்தான் நல்ல ஆசிரியர். நாலு மீட்டர் தள்ளி நின்று மெதுவாக நெருங்குங்கள். அதிர்வு தொடங்கும் இடத்திலும், அது மாறும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, கோலை நீட்டித் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு தூணை வைத்துச் செய்யுங்கள். தூண் எப்போது விலகியது என்று கை சொல்லும்வரை.

வழிகாட்டுவது இதன் வேலை இல்லை. அதற்குப் போனும் வரைபடமும்தான். ஆனால் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலே தெருவின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாமல் போகும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தி நடப்பவர்கள், போன் சொல்வதைக் கேட்க இயர்போன் மாட்டினாலும், ஒரு காதையாவது திறந்து வைத்திருங்கள்.

வெளிவந்தபோது விலை சுமார் 3,000 ரூபாய். வாங்கும்போது கோலின் உயரத்தைப் பாருங்கள்: நிமிர்ந்து நின்றால் நெஞ்செலும்பு வரை வர வேண்டும். குட்டையான கோலில் தரைப்பள்ளம் தெரிவதும் தாமதமாகும், கருவி பார்க்கும் கோணமும் மாறிவிடும். இரவில் போனைச் சார்ஜ் போடும்போதே இதையும் போட்டுவிடுங்கள். வழியில் சார்ஜ் தீர்ந்தால் கையில் இருப்பது சாதாரண வெண்கோல்தான். அதை வைத்தே வீடு திரும்பலாம்.