அயோவாவா, டலஹாசியா? இரண்டு பல்கலைக்கழக ரெசிடென்சிகள்

எழுதுபவருக்கும் ஆடுபவருக்கும் பல்கலைக்கழகங்கள் ‘ரெசிடென்சி’ (சில காலம் அங்கேயே தங்கிப் படைக்கும் வாய்ப்பு) என்ற ஒரே பெயரில் தருவது ஒரே பொருள் அல்ல. எத்தனை வாரம் என்று மட்டும் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அமெரிக்காவிலிருந்து இரண்டை எடுத்துக்கொள்வோம்: அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்துத் திட்டம் (1967), டலஹாசியில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக நடனப் பள்ளிக்குள் இயங்கும் மேகி அலஸீ தேசிய நடன அமைப்பு மையம் (2004).

அயோவாவில் ஆகஸ்ட் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை இருக்கலாம். அசோகமித்திரன் 1973இல் போனதும், மீனா கந்தசாமி 2009இல் போனதும் இதற்குத்தான். நூலோ, முக்கிய இதழ்களில் படைப்புகளோ வெளிவந்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்கத் தெரிய வேண்டும். ஒரு வாசிப்பு, நூலகத்தில் ஒரு கலந்துரையாடல் என்று கடமைகள் சொற்பம். மிச்ச நேரமெல்லாம் உங்களுடையது. தமிழில் எழுதுபவருக்கு உண்மையான லாபம் மொழிபெயர்ப்புப் பட்டறை. ஆனால் உங்களோடு உட்காரும் மாணவருக்குத் தமிழ் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. வரிக்கு வரி கரடுமுரடான ஆங்கில வடிவம் ஒன்றைக் கையோடு கொண்டுபோகாவிட்டால் முதல் சில வாரங்கள் அதிலேயே கரைந்துவிடும். பதினைந்து பக்கம் இருந்தால் போதும்.

பணத்தில்தான் சிக்கல். இடங்களில் பெரும்பகுதிக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் மானியம் வந்துகொண்டிருந்தது. 2025இல் அது நிறுத்தப்பட்டது. ஆகவே, “என் இடத்துக்கு யார் பணம் தருகிறார்கள்?” என்பதை முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

டலஹாசி பெரும்பாலும் அழைப்பின் பேரில்தான். ஓரிரு வாரமே கிடைக்கும். பார்வைக்குக் குறைவுதான், ஆனால் நாள் முழுக்க ஸ்டூடியோ, கலைஞர் ஊதியம், பயணம், தங்குமிடம், ஒளிப்பதிவு எல்லாம் சேர்ந்தே வருகின்றன. முடித்த படைப்பைக் காட்டியே தீர வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. நடன அமைப்பாளரோடு ஒரு எழுத்தாளரை ஒத்திகையிலேயே உட்காரவைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. புதிதாக ஒன்றை அமைப்பவருக்கு இது பொருந்தும். மார்க்கத்தை (பரதக் கச்சேரியின் மரபான உருப்படி வரிசையை) மெருகேற்ற நினைப்பவருக்குப் பொருந்தாது. 1960களில் பரதக் கலைஞர் பாலசரஸ்வதி அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனது மூன்றாவது வகை: கற்பிக்கப் போவது. அந்த வகை அழைப்பு வந்தால் வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் வேலைக்கு நேரமே மிஞ்சாது.

எந்தப் பல்கலைக்கழகமானாலும் பரதம் ஆடுபவர் முதலில் விசாரிக்க வேண்டியது தளத்தை. மேலே விரித்திருக்கும் கறுப்பு வினைல் விரிப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதற்கடியில் நேரே கான்கிரீட் இருந்தால் தட்டடவின் (பாதத்தைத் தட்டி ஆடும் அடிப்படை அடவின்) அதிர்வு முழுவதும் முழங்காலுக்கும் கெண்டைக்கால் எலும்புக்கும் ஏறும்; நாலைந்து நாளில் வலி தெரியும். அடியில் மரச்சட்டமும் ரப்பர் திண்டும் உள்ள துள்ளு தளமா (sprung floor) என்று கேட்டு வாங்குங்கள். வினைல் வெறுங்காலைப் பிடித்து இழுக்கும், திரும்பும்போது பாதத்தோல் உரியும், தட்டும் சத்தத்தையும் மழுக்கும். சலங்கை தளத்தைக் கீறும் என்று சில இடங்களில் மறுப்பார்கள், அனுமதியை எழுத்தில் வாங்குவது நல்லது. பாலே வகுப்புகளுக்கு இடையே கிடைக்கும் ஒரு மணி நேரத் துண்டுகளை ‘ஸ்டூடியோ வசதி’ என்று எழுதிவிடுவதும் நடக்கும்.

விசாவிலும் இரண்டும் வேறு. எழுத்தாளருக்கு வழக்கமாக ஜே-1 (J-1) என்ற பரிமாற்ற விசா. அமெரிக்க அரசுப் பணத்தில் போனால், திரும்பி வந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்கும்வரை (விலக்கு வாங்கினால் ஒழிய) எச்-1பி (H-1B) வேலை விசாவோ கிரீன் கார்டோ கிடைக்காது. இதைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவனிக்கிறார்கள். மரபுக் கலைக் குழுவுக்கு பி-3 (P-3) விசா உண்டு. நட்டுவனாரையும் மிருதங்கக்காரரையும் சேர்த்தே அழைக்கலாம். ஆனால் அழைக்கும் தரப்பு முன்கூட்டியே மனு போட வேண்டும், கூடவே தொழிற்சங்கக் கருத்துக் கடிதமும் வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம். அதோடு, ‘கலைஞர் ஊதியம்’ என்று குறிப்பிடும் தொகை ஒருவருக்கா, குழுவுக்கா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மூன்று பேர் விமானக் கட்டணத்தை அதிலிருந்தே எடுக்க நேர்ந்தால், எழுதவும் செய்பவருக்கு டலஹாசியைவிட அயோவாவின் எழுத்து மேசையே லாபம்.