சுனிபாலா தேவியின் முகத்துக்காக ஒரு வட்டு: மீட்டெடுக்கப்பட்ட ‘பதேர் பாஞ்சாலி’

பழைய சிறந்த படங்களை வட்டுகளாக வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015 நவம்பரில் வெளியிட்ட, சத்யஜித் ராய் இயக்கிய மூன்று வங்கப் படங்களடங்கிய அபு படவரிசையின் ப்ளூ-ரே பெட்டியில் மூன்று வட்டுகள் உள்ளன. அவற்றுள் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ‘பதேர் பாஞ்சாலி’ அடங்கிய முதல் வட்டை மட்டுமே. அதிலும் படத்தின் முற்பாதியை. காரணம் சத்யஜித் ராயும் அல்லர், சுப்ரத மித்ராவின் ஒளிப்பதிவும் அன்று. கூன் விழுந்து, பல் போய், கிழிந்த துணியைப் போர்த்திக்கொண்டு வரும் இந்திர் தாக்ருண் என்ற கிழவிதான். அந்தப் பாத்திரத்தை ஏற்ற சுனிபாலா தேவிக்கு அப்போது எண்பதை ஒட்டிய வயது. இளமையில் வங்க நாடக மேடையில் நடித்தவர், ஓரிரு பழைய படங்களிலும் தலைகாட்டியவர், பிறகு எல்லோராலும் மறக்கப்பட்டுக் கல்கத்தாவில் வாழ்ந்துகொண்டிருந்தவர். நாளொன்றுக்கு 20 ரூபாய் சம்பளத்தில் இதில் நடித்தார். 1955 ஆகஸ்டில் படம் திரைக்கு வருமுன் காலமாகிவிட்டார். அவருடைய மற்ற வேலைகளெல்லாம் இன்று வெறும் பெயர்களாகத்தான் எஞ்சியுள்ளன. இந்த ஒன்று மட்டும் நிற்கிறது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோர் “அவர் நடிக்கவில்லை, வாழ்ந்தார்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். பாராட்டுப் போலத் தோன்றும் இந்தச் சொல் உண்மையில் அந்த அம்மையாரின் உழைப்பைக் களவாடுகிறது என்பது என் கருத்து. ஒரு காட்சியைத் துண்டு துண்டாக எடுக்கும்போது முந்தைய துண்டில் எந்தக் கை ஈரமாக இருந்தது என்பது போன்ற நுணுக்கங்களை அவரே நினைவில் வைத்திருந்து எடுத்துச் சொல்வார் என்று ராய் எழுதியிருக்கிறார். நிலவொளியில் திண்ணையில் அமர்ந்து, பொழுது சாய்ந்தது, என்னை அக்கரை சேர்த்துவிடு என்று ஹரியை வேண்டி அவர் பாடும் பாட்டும் அவரே தம் நினைவிலிருந்து மீட்டுக் கொடுத்தது. தாலாட்டு தெரியுமா என்று முதல் சந்திப்பில் ராய் கேட்டபோது, ராய்க்குத் தெரிந்திருந்ததைவிட அதிக அடிகளை அவர் ஒப்பித்தாராம். தேர்ந்த தொழில்காரரின் அடையாளங்கள் இவை.

உணவுக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிழவி தரையில் குந்தி, சோற்றை விரல்களால் ஒன்றுதிரட்டி உண்கிறாள். சிறுமி துர்கா எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிழவியின் முகத்தில் பசியும் வெட்கமும் அன்பும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை; ஒரே சமயத்தில் இருக்கின்றன. துர்கா திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த பழத்தைக் கண்டதும் அந்தப் பொக்கைவாய் விரிவதையும், மாலை விளக்கொளியில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணை இடுக்குவதையும் பார்த்தால், ஒவ்வொரு அசைவும் எவ்வளவு அளந்து செய்யப்பட்டது என்பது விளங்கும். இறுதியாக அவள் வீடு திரும்பித் தங்க இடம் கேட்டு, துர்காவின் தாய் சர்வஜயா இடம் கொடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சியில், கிழவி தண்ணீர் குடித்துவிட்டு, மிச்சத்தை முற்றத்தில் இருக்கும் ஒரு சிறு செடிக்கு ஊற்றிவிட்டுப் போகிறாள். அழுகை இல்லை, வசவும் இல்லை. துரத்தப்படும் வேளையிலும் அந்த வீட்டுக்கு அவள் செய்யும் கடைசி வேலை அது. சர்வஜயாவாக நடித்த கருணா பானர்ஜியும் அங்கே அருமையாகவே செய்திருக்கிறார். ஆயினும் என் கண் கிழவியை விட்டு அகல மறுக்கிறது.

இத்தகைய நடிப்பு தோலின் சுருக்கத்திலும் உதட்டின் நடுக்கத்திலும் இருப்பதால், படிமம் மங்கினால் நடிப்பும் மங்கிவிடும். முன்பு என்னிடம் இருந்த டிவிடி ஒன்றில் அவர் முகம் சாம்பல் நிறத் திட்டாகவே தெரிந்தது. மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் மூண்ட தீயில் கருகிப்போயின. எஞ்சியவற்றை அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் காப்பகம் பாதுகாத்து வைத்திருக்க, இத்தாலியின் போலோன்யா நகரிலுள்ள மீட்புக்கூடம் அவற்றுக்கு மீண்டும் ஈரப்பதம் ஏற்றி, உருகி ஒட்டிக்கொண்டிருந்த பசையை அகற்றி, கிழிந்த ஓரங்களைக் கையால் ஒட்டிச் சீர்செய்தது. ஆயிரம் மணி நேரத்தை நெருங்கும் கைவேலை இது. ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறத்தாழ 40 விழுக்காடு மூல நெகட்டிவிலிருந்தே மீட்கப்பட்டது, மற்றப் பகுதிகள் வேறு காப்பகங்களிலிருந்த நல்ல படிகளிலிருந்து வந்தவை. எது எங்கிருந்து வந்தது என்பதை என் கண்ணால் பிரித்தறிய முடியவில்லை.

வாங்க எண்ணுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ப்ளூ-ரே வட்டுகளும் கருவிகளும் உலகின் பகுதிகளுக்கேற்ப மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன; இந்த அமெரிக்கப் பதிப்பு ‘ஏ’ மண்டலத்துக்கானது. இந்தியா ‘சி’ மண்டலத்தில் வருவதால், இங்கே விற்கும் சாதாரண ப்ளூ-ரே கருவியில் இது ஓடாமல் போகலாம். மண்டலப் பூட்டு இல்லாத கருவி வைத்திருப்போர் மட்டும் பணத்தைச் செலவிடுவது நல்லது. மற்றொன்று, துணைவரிகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. துர்கா கிழவியை ‘பிஷி’ என்று அழைக்கும்போது நம் காதுக்கு அது ‘அத்தை’ என்றே எட்டுகிறது. அத்தைக்கும் சித்திக்கும் மாமிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் ஆங்கிலத்தில் அந்த உறவின் உரிமையும் ஒண்டிக்குடித்தனத்தின் கூச்சமும் கரைந்துவிடுகின்றன. கொஞ்சம் வங்காளி தெரிந்தவர்கள் துணைவரியை அணைத்துவிட்டே பார்க்கலாம்.

கூடுதல் பகுதிகளில், ராய் தம் கட்டுரையைத் தாமே வாசிக்கும் ஒலிப்பதிவு இருக்கிறது. அதற்காகவே ஒரு மாலையை ஒதுக்கலாம். சௌமித்ர சட்டர்ஜி, ஷர்மிளா தாகூர் ஆகியோரின் நேர்காணல்கள் பெட்டியின் மற்றப் படங்களை ஒட்டியவை. சுனிபாலா தேவிக்கென்று தனியே ஒரு பகுதி இல்லாதது எனக்குக் குறையாகவே பட்டது. பாடையில் கிடத்திப் படமாக்கிய காட்சி முடிந்த பின்னும் அவர் அசையாமல் கிடக்க, எல்லோரும் பதறிப்போனார்கள் என்றும், காட்சி முடிந்துவிட்டதா, யாரும் சொல்லவில்லையே, நான் இன்னும் செத்துக் கிடக்கிறேன் என்று அவர் கேட்டார் என்றும் ராய் பதிவு செய்திருக்கிறார். அந்த ஒரு நிகழ்ச்சிக்காவது பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.