துன்ப நேரத்துக்கு எந்தத் தமிழ் வேதாகமம் வாங்கலாம்?

நீண்ட நோயிலோ கடனிலோ பிரிவிலோ கிடக்கிற ஒருவருக்கு வேதாகமம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அட்டையைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். தோல் உறை, ஜிப், தங்க விளிம்பு. பார்க்க வேண்டியவை வேறு. எழுத்து எவ்வளவு பெரிது, கையில் எவ்வளவு கனம், உள்ளே இருப்பது எந்த மொழிபெயர்ப்பு என்ற மூன்றும்தான் முக்கியம். அந்த மூன்றை வைத்து, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இரண்டையும் இங்கே எடைபோடுகிறோம். ஒன்று, 1871இல் வெளிவந்த ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்பை அடியொற்றிய பழைய மொழிபெயர்ப்பு. இன்னொன்று 1995இல் பொது மொழிபெயர்ப்பாக வந்த திருவிவிலியம்.

முதலில் சொல்லிவிட வேண்டியது, இரண்டிலும் 'நம்பிக்கை' என்ற சொல் ஒரே பொருளில் வருவதில்லை. பழையதில் விசுவாசம், அதாவது கடவுளை நம்புவது வேறு, நம்பிக்கை வேறு. அங்கே நம்பிக்கை என்பது வரப்போகிறதை நோக்கியிருப்பது. திருவிவிலியம் விசுவாசத்தையே நம்பிக்கை என்கிறது, வரப்போகிறதை நோக்கியிருப்பதற்கு 'எதிர்நோக்கு' என்று தனிச்சொல் வைக்கிறது. 1 கொரிந்தியர் 13:13ஐ இரண்டிலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும்: அங்கே விசுவாசம், நம்பிக்கை, அன்பு, இங்கே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. இது தெரியாமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர் 'நம்பிக்கையோடு இரு' என்பதை 'உன் விசுவாசம் போதவில்லை' என்று கேட்டுவிடுவார். ஏற்கனவே ஒடிந்திருப்பவருக்கு அது சுமையின் மேல் சுமை.

ரோமர் 5:3-4 இன்னும் கூர்மையான சோதனை. பழையதில் உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது. 'பரீட்சை' என்றதும் இன்றைய வாசகர் மனதில் வருவது தேர்வுக்கூடம். மூலத்தில் இருப்பதோ சோதித்துப் பார்த்துத் தேறிய தன்மை, புடம்போட்ட பொன் மாதிரி. திருவிவிலியம் அதைத் 'தகைமை' என்கிறது. பொறுமை என்ற இடத்தில் 'மன உறுதி' என்கிறது. இந்த இடத்தில் திருவிவிலியமே தெளிவு. கையைக் கட்டிக்கொண்டு சகித்துக்கொள்வதை இங்கே யாரும் கேட்கவில்லை, விடாமல் நிற்பதைத்தான் கேட்கிறார்கள் என்பது புரிகிறது.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஏசாயா 40:31இல் பழையது 'கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ' என்று எபிரெயச் சொல்லின் காத்திருப்பை அப்படியே வைத்திருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் 'காத்திருக்கிறவர்கள்' என்ற சொல் செய்கிற வேலையை வேறெதுவும் செய்யாது. சிறுவயது முதல் பழையதை மனப்பாடம் செய்த பெரியவருக்கு வாசித்துக் காட்டுவதென்றால் யோசிக்கவே வேண்டாம், பழையதுதான். நீங்கள் பாதி வசனம் சொன்னதும் மீதியை அவர் உதடு சொல்லும். புதிதாகப் படிக்க வருகிற இளையவருக்குத் திருவிவிலியம் கொடுங்கள். அதில் திருப்பாடல்கள் (பழையதில் சங்கீதம்) கவிதை வரிகளாகப் பிரித்து அச்சாகியிருப்பதால் மூச்சு விட்டு, நிறுத்தி வாசிக்க முடிகிறது. பழையதில் 66 நூல்கள், திருவிவிலியத்தில் 73. விடாமுயற்சி என்று பார்த்தால் அந்த அதிகப்படி நூல்களில் 2 மக்கபேயர் 7ஆம் அதிகாரமும் சீராக் 2ஆம் அதிகாரமும் தவறவிடக்கூடாதவை.

இனி எழுத்து. தமிழில் சிறிய அச்சு ஏமாற்றும். முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்தது 'ி', 'ீ' இரண்டையும் வேறுபடுத்தும் சுழி. கடையிலேயே ரோமர் 8:24-25ஐத் திறந்து, முழங்கை நீளத்தில் பிடித்து, சாதாரண விளக்கில் மெய்யெழுத்துகளில் (பழையதில் 'நம்பினோமாகில்' என்பதில்) புள்ளி தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்தப் பதிப்பு நோயாளிக்கு உதவாது. பெரிய எழுத்துப் பதிப்பு கனம்தான். படுத்திருப்பவர் வயிற்றின் மேல் ஒரு தலையணை வைத்து அதில் சாய்த்துக்கொள்ளலாம். கனத்துக்குப் பயந்து புதிய ஏற்பாடு, சங்கீதம், நீதிமொழிகள் மட்டும் உள்ள சிறு பதிப்பை எடுத்தால் யோபு, புலம்பல், ஏசாயா மூன்றும் போய்விடும். துன்பத்தில் மிகவும் தேவைப்படுகிறவை அவைதான்.

ஜிப் உறை வேண்டாம். அவசரமாக மூடும்போது பல் தாளின் ஓரத்தைக் கிழிக்கும். தாள் மெல்லியது என்பதால் ஜெல் பேனா மறுபக்கம் ஊறும். பென்சிலோ மெழுகுப் பென்சிலோ போதும். தங்க விளிம்புப் பக்கங்கள் புதிதில் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள் என மாறி மாறித் திறந்து மெல்ல அழுத்திக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ஒரேயடியாக நடுவில் விரித்தால் முதுகு உடையும்.

கடவுளின் வாக்குறுதி வசனத்தை மட்டும் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. 10ஆம் வசனம் அதற்கு எழுபது வருஷம் ஆகும் என்கிறது, 5ஆம் வசனம் அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அட்டை அதைச் சொல்லாததால் பலர் அடுத்த மாதமே விடிவு என்று எண்ணி, வராதபோது நொறுங்கிப்போகிறார்கள். புலம்பல் 3:22-23உம் அப்படியே. காலைதோறும் புதிய இரக்கம் என்கிற அந்த வரி, அதே அதிகாரத்தின் முதல் இருபது வசன இருட்டைக் கடந்துதான் வருகிறது. 3:1இலிருந்தே வாசியுங்கள்.

பரிசாகக் கொடுக்கிறவர்கள் பக்கம் குறிக்கும் நாடாவை முதல் நூலான ஆதியாகமத்தில் விடாதீர்கள். சங்கீதம் 13இல் வையுங்கள். ஆறே வசனம், களைத்தவராலும் முடிக்க முடியும். 'எதுவரைக்கும்' என்று நான்கு தரம் கேட்டுவிட்டுத்தான் பாட்டுக்கு வருகிறது. இரண்டாவதாக ஒரு துண்டுக் காகிதத்தை 88இல் செருகுங்கள். அது கடைசி வசனம் வரை விடிவே இல்லாத சங்கீதம். பாட முடியாத இரவுகளில் அவர் அங்கே போகட்டும்.