நாலு வருஷமா பால்கனில காமினின்னு ஒரு வாசனைப் பூச்செடி வளக்கறேன், நெசமா எப்படி இருக்கு?

2021ல பெங்களூர் அல்சூர் பக்கம் ஒரு நர்சரில வாங்கினது. கடைக்காரர் தமிழ்தான், "தெனம் பூக்கும் சார், மல்லியெல்லாம் கிட்ட நிக்க முடியாது"ன்னாரு. தெனமெல்லாம் பூக்காதுங்க. மாசக்கணக்கா வெறும் பச்சையா நிக்கும், அப்புறம் காஞ்சு கெடந்து ஒரு மழை அடிச்சா கொத்து கொத்தா மொட்டு விட்டு மொத்தமா பூத்து, மூணு நாலு நாள்ல கொட்டிடும். ஆனா அந்த மூணு நாள் வாசனை இருக்கே, சாயங்காலம் லிஃப்ட் கதவு தொறந்தாலே தெரியும், ஏறக்குறைய சாத்துக்குடி பூ வாசம். இது எலுமிச்சை குடும்பம்தான், முர்ராயா பேனிக்குலேட்டான்னு தாவரவியல் பேரு. இலைய வெளிச்சத்துல புடிச்சு பாத்தா பொடிப்பொடியா எண்ணெய்ப் புள்ளி தெரியும்.

இங்க கன்னடத்துல காடு கரிபேவுன்னு சொல்றாங்க, அதக் கேட்டுட்டு பக்கத்து வீட்டு ஆன்ட்டி ரசத்துக்கு ரெண்டு கொத்து கேட்டாங்க 😄 கறிவேப்பிலைக்கு சொந்தம்தான் ஆனா அது வேற இது வேற, இதுல ஒரு காம்புக்கு மூணுலேர்ந்து ஏழு இலைதான், பளபளன்னு இருக்கும், வருஷம் பூரா பச்சை.

நான் பண்ண தப்பு, ரெண்டாவது வருஷம் அழகா உருண்டையா இருக்கணும்னு மாசாமாசம் நுனிய வெட்டிட்டே இருந்தேன். பூ வர்றதே புதுக் கெளை நுனில, அப்புறம் எங்க பூக்கும், அந்த வருஷம் ஒண்ணுமே இல்ல. இப்ப பூத்து முடிஞ்ச கையோட ஒரு தடவை வெட்டறதோட சரி. பன்னெண்டு இஞ்ச் தொட்டி, காலை வெயில், மண்ண நாலஞ்சு நாள் காயப்போட்டு தண்ணி ஊத்துவேன். டேங்கர் தண்ணிலயும் தாக்குப்பிடிக்குது, இலை மட்டும் கொஞ்சம் மஞ்சளாச்சு, உரம் மாத்தினதும் பரவால்ல.

பட்டாம்பூச்சிப் புழு வரும், சின்னதுல காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், நான் விட்டுட்டேன், தின்னுட்டுப் போகட்டும். ஆனா எலுமிச்சை தொட்டி இருந்தா தள்ளி வைங்க, இதுல ஒரு பொடிப் பூச்சி சேரும், அது எலுமிச்சைக்கு 'சிட்ரஸ் க்ரீனிங்'னு ஒரு நோயக் கொண்டுபோற பூச்சி. சிவப்பு பழத்துக்கு கொண்டைக்குருவி வருது.

ஊர்லேர்ந்து வந்த அம்மா பூவக் கட்டி தலைல வைக்கலாம்னு உக்காந்தாங்க, தொட்டாலே இதழ் உதிருது, "என்னடா இது பேருக்குப் பூ"ன்னு சாமி தட்டுல கொட்டிட்டாங்க. நேத்து மழை வந்துச்சு, இன்னிக்கு நுனியெல்லாம் மொட்டு, தொடப்பத்த எடுத்து பால்கனிலயே வெச்சுட்டேன்.